இடமிருந்து வலம்

நெகட்டிவைத் திருப்பிப் போட்டது நான்தான்.
இருட்டறையில் ஒரு சிவப்பு பல்பு, ஓட்டின் மேல் மழை.
திருநெல்வேலிக்கு ஏழே முக்கால் பஸ்ஸில்
கவரைக் கொடுத்தனுப்ப வேண்டும்.
மகாதேவ தாணு அண்ணாச்சி வெளியே நின்று
கதவைத் தட்டிக்கொண்டேயிருந்தார்.
பளபளப்பு எந்தப் பக்கம், மங்கல் எந்தப் பக்கம்,
பதினேழு வயது விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டு.
தக்கலை பள்ளி மைதானத்தில் விவசாயக் கண்காட்சி.
ஒரே மூட்டில் முப்பத்தொரு கிலோ மரச்சீனிக்கிழங்கு.
பிடுங்கியவள் யேசுவடியாள்,
ஊர் முளகுமூட்டுக்கு மேற்கே.
பரிசு ஓர் எவர்சில்வர் குடம்.

கலெக்டர் கொடுத்தார். ஃபிளாஷ் எரியவில்லை.
"சார், இன்னொருக்க" என்றார் அண்ணாச்சி.
கலெக்டர் அவள் கையிலிருந்து குடத்தை வாங்கி
மறுபடியும் கொடுத்தார்.
முதல் தடவை அவள் சிரித்திருந்தாள்.
இரண்டாம் தடவை
குடத்தை விடவே மாட்டேன் என்பதுபோல் பிடித்திருந்தாள்.
அதுதான் விழுந்தது.

கிழங்கு படத்தில் இல்லை.
பேச்சு முடிவதற்குள் மேஜையிலிருந்து யாரோ தூக்கிவிட்டார்கள்.
அன்று ராத்திரி எந்த வீட்டுப் பானையில் வெந்ததோ,
என்ன மீன் கூட்டினார்களோ.

மூன்றாம் நாள் பேப்பர்.
பின்னால் பேனர் இருந்திருந்தால்
எழுத்து திரும்பி நின்று காட்டிக்கொடுத்திருக்கும்.
வெறும் சுவர்தான் இருந்தது.
கலெக்டரின் வாட்ச் வலது கையில்.
யேசுவடியாளின் முந்தானை வலது தோளில்.
கன்னத்து மரு கன்னம் மாறியிருந்தது.
அதை யார் பார்க்கப்போகிறார்கள்?
கீழே எழுத்து மட்டும் சரியாக:
'இடமிருந்து வலம்: மாவட்ட ஆட்சித் தலைவர்,
பரிசு பெற்ற யேசுவடியாள்.'

இடப்பக்கம் அவள்.
வலப்பக்கம் பேன்ட் போட்ட யேசுவடியாள்.

ஆபீசிலிருந்து ஆள் வந்தது:
ஏழைப் பெண்ணுக்குக் கலெக்டர்
இடது கையால் கொடுத்தாரா என்று ஒரு மொட்டைக் கடிதமாம்.
அண்ணாச்சி என்னை அடிக்கவில்லை.
அந்த மாதச் சம்பளத்தில் பன்னிரண்டு ரூபாய் பிடித்தார்.
ஆறாம் பக்கத்தில், ரப்பர் விலைக்குக் கீழே,
இரண்டு வரித் திருத்தம் வந்தது.
நான் தவிர அதை வாசித்தவர்களை
இன்றுவரை சந்தித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை
சரியான பிரின்ட் ஒன்றை எடுத்துக்கொண்டு
சைக்கிளில் போனேன்.
வாய்க்கால் கரையில் இரண்டு பேரிடம் வழி கேட்டேன்.
"கலெக்டருக்க வீடா?" என்றான் ஒருவன்,
சிரிக்காமல்.

குடம் முற்றத்தில் கவிழ்ந்திருந்தது, அடியில் ஒட்டின சீட்டோடு.
பேப்பர் துண்டு சுவரில், ஜெபக் காலண்டருக்குப் பக்கத்தில்,
நாலு மூலையிலும் சோற்றுப் பசை.
நான் தப்பைச் சொன்னேன்.
அவள் இரண்டு படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் பிடித்து
வெகுநேரம் பார்த்தாள்.
தண்ணீர்கூடத் தரவில்லை, மறந்துபோனாள்.

"பிள்ளே, இதில நான் வாங்குகேன்."
விரல் என் பிரின்டின் மேல்.
"அதில நான் குடுக்கேன், அவரு வாங்குகாரு.
கெழங்கு எனக்கதுல்லா."

என் பிரின்டைத் திருப்பித் தந்தாள்.

ஸ்டூடியோவில் இருபத்தாறு வருஷம்.
கோப்பை, சால்வை, தையல் மிஷின், மூன்று சக்கர சைக்கிள்,
கண்ணாடிப் பெட்டிக்குள் காந்தி,
ஒரே பொருளில் நாலு கை,
கேமராவைப் பார்க்கும் இரண்டு முகம்.
பெயர் கேட்டு பென்சிலால் பின்னால் எழுதுவேன்.
"எது எனக்க பக்கம்?" என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை.

நெகட்டிவ் இப்போதும் என்னிடம் இருக்கிறது.
ஜன்னலில் வைத்துப் பார்த்தால்
கலெக்டரின் முகம் கறுப்பு, அவள் முகமும் கறுப்பு,
குடம் மட்டும் கரிக்கட்டையாய் நடுவில்.
ஒரு தடவை திருப்பினால் அவர் கொடுக்கிறார்.
இன்னொரு தடவை திருப்புகிறேன்.